நம் மண்ணடிச் சிப்பிகளும் நோவாவின் வெள்ளமும்

காரைக்காலில் மலையில்லை, பாறையில்லை. அரசலாறும் அதன் கூட்டாறுகளும் கொண்டு வந்து சேர்த்த வண்டலின்மீதே நம் வீடுகளும் ஆலயமும் நிற்கின்றன. ஆயினும் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கு நிலத்தை ஆழத் துளையிட்டபோது, அடியிலிருந்து பழங்காலக் கடற்சிப்பிகள் வெளிவந்தன. மொரீஸ் கொஸ்மான் என்பவர் (தொழிலால் அவர் ரயில்வே பொறியாளர்!) அவற்றை ஆராய்ந்து, நம் ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே இட்டு, 1900 முதல் 1910 வரை மூன்று பகுதிகளாகப் பிரெஞ்சில் எழுதினார். அவை பிளியோசீன் காலத்தவை என்பது அவர் கணிப்பு. இன்றைய கணக்கில் அக்காலம் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது.

நம் பாட்டன்மார் கேட்டிருந்தால் "நோவா காலத்து ஜலப்பிரளயம்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அப்படித்தான். மலையில் சிப்பி கிடந்தால் அதுவே வேதத்துக்குச் சாட்சி.

அந்த எண்ணத்தை அசைத்தவர்கள் வேதத்தின் பகைவர்களல்லர். டென்மார்க்கில் பிறந்த ஸ்டென்சன் 1667-ல் கத்தோலிக்கரானார். 1669-ல், பாறையடுக்குகளில் கீழுள்ளதே முந்தியது என்ற விதியை வெளியிட்டார். 1677-ல் ஆயரானார், 1988-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவர் நோவாவின் வெள்ளத்தை உறுதியாக நம்பியவர். ஆனால் அவர் தந்த விதியைப் பிடித்துக்கொண்டு அடுக்குகளை எண்ணியவர்களுக்கு, ஓராண்டு வெள்ளம் அத்தனையையும் படியவைத்திருக்க முடியாது என்பது விளங்கிற்று.

உலகம் முழுவதுமா மூழ்கியது என்ற கேள்வி உரோமையிலேயே எழுந்தது. வெள்ளம் ஒரு நிலப்பகுதியை மட்டும் மூடியது என்று டச்சு அறிஞர் வோசியுஸ் எழுதியிருந்தார். 1686-ல் அவருடைய நூல்கள் விசாரணைக்கு வந்தபோது, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி மாபிலோன், அக்கருத்து விசுவாசத்துக்கு விரோதமன்று, பொறுத்துக்கொள்ளலாம் என்று அபிப்பிராயம் தந்தார். நூல்கள் என்னவோ தடைப் பட்டியலில் ஏறின. அவற்றில் வேறு குற்றங்களும் கண்டார்கள். பிரான்சில் பூமியின் வரலாற்றை எழுதிய புஃபோனைப் பாரிஸ் இறையியல் பீடம் 1751-ல் விளக்கம் கேட்டு நெருக்கியது. நாம் பெருமைப்படக்கூடிய நிகழ்ச்சியல்ல அது. ஆங்கிலிக்கன் குருவான பக்லாந்து, குகைகளில் கிடைத்த எலும்புகளை நோவாவின் வெள்ளத்துக்குச் சான்றாக 1823-ல் எழுதினார். 1836-ல் தாமே அதைக் கைவிட்டார்.

புனித அகுஸ்தினாரோ அன்றே எச்சரித்திருந்தார்: வானத்தையும் பூமியையும் பற்றிக் கிறிஸ்தவன் அறியாமல் உளறினால், பிறர் வேதத்தையே நகைப்பார்கள் என்று. 1948-ல் பாப்பிறை விவிலிய ஆணைக்குழு பாரிஸ் கர்தினால் சுஹாருக்கு எழுதிய மடலில், தொடக்க நூலின் முதல் பதினோரு அதிகாரங்களை இக்காலச் சரித்திர நூல்களைப் போல் அளக்கலாகாது என்று விளக்கியது. நோவாவின் வெள்ளமும் அவ்வதிகாரங்களில்தான் இருக்கிறது.

இது நமக்கு வெறும் ஏட்டுச் சண்டையன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு, கடல் நம் கரையோரக் குப்பங்களில் புகுந்து நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டது. கடல் பொங்கும்போதெல்லாம் "பாவத்துக்குத் தண்டனை, நோவா காலத்தைப் போல" என்று சொல்ல நாக்கு முந்துகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேரைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றே அவர் மறுத்தார். அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் திடீரென உயர்ந்தது. அதனால் தள்ளப்பட்ட நீர் இரண்டு, மூன்று மணி நேரத்தில் நம் கரையை எட்டியது.