ஊசல் முதல் அணு வரை: ஈர்ப்பை அளந்த வரலாறு

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி காலை, கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் அந்தக் குழியில் விழுந்து மறைந்தார். பல நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. தோண்டாமலேயே மண்ணுக்கடியில் உள்ள வெற்றிடத்தை அறிய முடியுமா?

அதற்குள்ள வழிகளில் ஒன்று, புவியீர்ப்பை அளப்பது. கீழே வெற்றிடம் இருந்தால் மேலே ஈர்ப்பு இம்மியளவு குறையும். அந்த இம்மியைப் பிடிக்க மனிதனுக்கு 350 ஆண்டுகள் ஆயின.

1672இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ரிஷே, தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரம் ஒன்றைக் கொண்டு சென்றார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம், அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு என்பதற்கு அதுவே முதல் சான்று.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1821இல் சென்னை வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டி ஈர்ப்பை அளந்தார். அடுத்து, சுமத்திராவை ஒட்டிய ஒரு தீவுக்கும் சென்னையிலிருந்து ஒரு குழு சென்றது.

1865 முதல் கேப்டன் பசெவி இந்தியாவெங்கும் ஊசல்களைச் சுமந்து சென்றார். காற்றின் தடை கணக்கைக் கெடுக்காதிருக்க, காற்று நீக்கிய உருளைக்குள் அவற்றை ஆட்டினார். 1871இல் லடாக் மலைப்பகுதியில், பணியின்போதே அவர் உயிர் பிரிந்தது. இமயத்தின் ஈர்ப்பு அதன் பருமனுக்கு ஏற்ற அளவில் இல்லை என்பதை அவரது அளவீடுகள் காட்டின.

1930களில் அமெரிக்கர் லகோஸ்ட் கண்டுபிடித்த சுருள்வில், கருவியை ஒருவர் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறிதாக்கியது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் மலேசிய நில அளவைத் துறை விமானத்திலிருந்தே நாட்டின் ஈர்ப்பை அளந்தது.

எஞ்சிய தொல்லை, நில அதிர்வு. லாரி ஒன்று போனாலும் அளவு பிசகும். பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் இரு வேறு உயரங்களில் அணுக்களை விழச் செய்தார்கள். இரண்டுக்கும் பொதுவான அதிர்வு கழிந்துவிடும். ஈர்ப்பின் வேறுபாடு மட்டும் மிஞ்சும். இப்படிச் சாலைக்கடியில் இருந்த இரண்டு மீட்டர் சுரங்கவழியைக் கண்டறிந்த செய்தி 2022இல் வெளியானது.

காற்று, வெப்பம், அதிர்வு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தொல்லையைக் களைந்தது. கருவி கூர்மையானது அப்படித்தான். ஈய லம்பங்கள் இருந்த சாலாக் செலாத்தானிலும், சுண்ணாம்புப் பாறைமேல் எழுந்த கோலாலம்பூரிலும் வாழ்வோருக்கு இது ஏட்டறிவு மட்டுமல்ல. காலடி மண்ணைப் பற்றிய அறிவு.