ஆமிஷ் சமூகமும் லான்காஸ்டர் சுற்றுலாவும்

ஆமிஷ் என்போர் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளின் அனபாப்டிஸ்ட் கிறித்தவர்களிடமிருந்து 1693-இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்கள். சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறினர். அங்குள்ள லான்காஸ்டர் மாவட்டத்தின் சுற்றுலாத் தொழில் பெரிதும் அவர்களைச் சார்ந்தே வளர்ந்தது. ஒரு சமயக்குழுவின் அன்றாட வாழ்வைக் காட்சிப்பொருள் ஆக்கலாமா என்ற கேள்வியும் அதனுடனேயே எழுந்தது.

வாழ்க்கைமுறை

ஆமிஷ் சபைகள் ‘ஓர்ட்நுங்’ எனப்படும் விதிமுறைகளின்படி வாழ்கின்றன. குதிரை வண்டி, எளிய உடை, பொது மின்இணைப்பைத் தவிர்த்தல் ஆகியவை அதில் அடங்கும். பணிவு அவர்களின் தலையாய அறம். புகைப்படத்திற்கு நிற்பதைத் தற்பெருமையாகக் கருதுகின்றனர். உருவங்களைச் செய்யக்கூடாது என்ற விவிலியக் கட்டளையையும் அதற்குக் காரணமாகக் காட்டுகின்றனர்.

சுற்றுலாவின் வளர்ச்சி

1937-இல் ஓரறைப் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளி கட்டும் திட்டத்தை ஈஸ்ட் லாம்பீட்டர் பகுதி ஆமிஷ் மக்கள் எதிர்த்தபோது நாளிதழ்களின் கவனம் அவர்கள்மேல் விழுந்தது. 1955-இல் ஆமிஷ் வாழ்வைக் களமாகக் கொண்ட ‘பிளெயின் அண்ட் ஃபேன்சி’ இசைநாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. அதே ஆண்டில் ‘ஆமிஷ் ஃபார்ம் அண்ட் ஹவுஸ்’ என்ற பண்ணைவீடு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. 1985-இல் வெளிவந்த ‘விட்னஸ்’ திரைப்படத்தை ஆமிஷ் தலைவர்கள் எதிர்த்தனர். ஆனால் படம் உலகெங்கும் ஓடி, ஆமிஷ் பெயரை மேலும் பரப்பியது.

வரவேற்பும் எல்லையும்

ஆமிஷ் மக்கள் சுற்றுலாவால் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் அல்லர். நிலவிலை உயர்ந்து, விளைநிலம் போதாமல் ஆனபோது பலர் பட்டறைத் தொழில்களுக்கு மாறினர். அவர்களின் மரச்சாமான்களையும் ஒட்டுத்துணிப் போர்வைகளையும் பயணிகள் வாங்குகின்றனர். ஆயினும் பொருளை விற்பவர் தன் முகத்தையும் வழிபாட்டையும் சேர்த்து விற்பதில்லை. ஆமிஷ் வழிபாடு, தேவாலயக் கட்டடம் இன்றி, முறைவைத்து வீடுகளிலேயே நடக்கிறது. எனவே அது பேருந்துப் பயணிகளின் காட்சியாவதில்லை. வயலும் பள்ளிக்கு நடக்கும் குழந்தைகளும் அப்படி அல்ல. பொதுச்சாலையில் நின்று படம் எடுப்பவரைச் சட்டம் தடுப்பதில்லை. அங்கே எல்லையைக் காப்பது பயணியின் மனச்சாட்சி மட்டுமே.

நிக்கல் மைன்ஸ்

2006 அக்டோபர் 2 அன்று நிக்கல் மைன்ஸ் ஊரின் ஓரறைப் பள்ளியில் வெளியாள் ஒருவர் பத்துச் சிறுமிகளைச் சுட்டார், ஐவர் இறந்தனர். ஊடகங்கள் திரண்டன. சவ ஊர்வலங்களின்போது காவல்துறை சாலைகளை மூடியது. அக்டோபர் 12 அன்று, பொழுது விடியும் முன், பள்ளிக் கட்டடம் இடிக்கப்பட்டு அந்த இடம் புல்வெளியாக்கப்பட்டது. குழந்தைகளுக்கு அருகில் வேறொரு பள்ளி எழுந்தது. தங்கள் துயரம் நடந்த இடத்தை அவர்கள் பிறர் வந்து பார்க்கும் தலமாக விட்டுவைக்கவில்லை.