நாலு கால் சிலந்தி: பேரி இலையிலிருந்து தென்னங்குரும்பை வரை

1998, 99ஆம் ஆண்டுகளைப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குரும்பையின் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணமாக ஒரு தழும்பு தெரியும். சில வாரங்களில் அது பழுப்பாகிப் பிளந்து, பிசின் வடிந்து, மரப்பட்டை மாதிரி ஆகிவிடும். காய் வளர்ந்தாலும் சிறுத்துக் கோணலாகவே நிற்கும். மட்டை இறுகிப் போய், உரிக்கிற ஆட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். வியாபாரிகள் பார்த்தவுடனே ஒதுக்கித் தள்ளினார்கள்.

தோப்பு வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய நஷ்டம். பொடக்காலியில் நாலைந்து மரம் மட்டும் வைத்திருந்தவர்களுக்கோ அடுப்புச் செலவிலேயே கை வைத்த மாதிரி. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அத்தை இருந்தார். ஆறு மரத்துக் காய்தான் அவருக்கு மளிகைக்கடைப் பாக்கியை அடைக்கிற வழி. ஒருநாள் முந்தானையில் நாலு குரும்பையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் அப்போது அங்கே அறிவியல் ஆசிரியர்.

"ஏனுங்க வாத்தியாரே, ரேடியோவுல சிலந்தி சிலந்தீங்கறாங்க. நானும் மட்டை மட்டையாத் தேடிட்டேன், ஒரு கூட்டைக் காணமுங்க" என்றார்.

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. வேளாண்மைத் துறைக்காரர்கள் தமிழில் சிலந்தி என்று சொல்வது வலை பின்னுகிற எட்டுக்கால் பூச்சியை அல்ல, அதன் தூரத்து உறவான சிலந்திப்பேனை. அதிலும் இந்த ஈரியோபைட் குடும்பம் தனி ரகம். எட்டுக் கால் இருக்க வேண்டிய இடத்தில் நாலே கால், அதுவும் தலைப்பக்கம். மற்றதெல்லாம் புழு மாதிரி நீண்ட உடம்பு. நீளம் கால் மில்லிமீட்டர்கூட வராது.

குரும்பையின் தொப்பியைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைத் தோலைச் சீவி, பள்ளி நுண்ணோக்கியில் வைத்தேன். மாவு சிந்தியதுபோல் தெரிந்த இடத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத்தனூண்டுப் பூச்சியா என் காயைத் திங்குது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

அதன்பிறகு இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். இது ரொம்பப் பழைய கதை.

1737இல் ரோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், லிண்டன் மரத்து இலையில் இருந்த முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளே நுண்ணிய உயிர்கள் இருப்பதாக எழுதினார். ஆனால் அதற்குப் பிறகும் பல காலம், இலையில் வரும் கம்பளி போன்ற வளர்ச்சிகளைப் பூஞ்சாளம் என்றே தாவரவியலார் நினைத்து, அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பூச்சியைப் பார்த்தவர்களுக்கும் நாலு கால் குழப்பம் தந்தது. வேறு ஏதோ பூச்சியின் குஞ்சு, வளர்ந்தால் மீதி நாலு கால் முளைக்கும் என்று கருதினார்கள். 1851இல் துஜார்தான் என்பவர்தான் இது முழு வளர்ச்சி அடைந்த பூச்சியே என்று எடுத்துச் சொன்னார். பேரி மரத்து இலையில் கொப்புளம் உண்டாக்கும் இனத்துக்கு 1857இல் ஜெர்மானிய விலங்கியலார் பாகன்ஸ்டெக்கர் பெயரிட்டார். அந்தப் பேரிச் சிலந்தியும் நம் தென்னைச் சிலந்தியும் ஒரே குடும்பம்.

இந்தப் பேரிச் சிலந்தியை நானே பார்க்க நேர்ந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டுக் கொல்லையில் இரண்டு பேரி மரங்கள் உண்டு. இலை நடு நரம்பின் இருபுறமும் சிவப்புக் கொப்புளம், சில நாளில் கறுத்துவிடுகிறது, என்ன மருந்து அடித்தும் போகவில்லை என்று படம் அனுப்பினான். பார்த்ததும் எனக்கு அத்தையின் குரும்பைதான் நினைவுக்கு வந்தது.

பேரிச் சிலந்தி குளிர்காலம் முழுக்க மொட்டின் செதில்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வசந்தத்தில் மொட்டு விரியும்போதே இளந்தளிரைக் குத்தும். அந்த இடம் கொப்புளமாக வீங்கும். அடிப்பக்கத்தில் ஊசித்துளை அளவு வழி இருக்கும். அதன் வழியே உள்ளே போய் முட்டையிட்டு, அங்கேயே பெருகும். கொப்புளம் வந்த பிறகு இலைமேல் அடிக்கிற மருந்து கூரைமேல் பெய்த மழைதான். உள்ளே இருப்பவர்களுக்கு நனையாது.

இதற்கு மருந்தாக அமைந்தது கந்தகம். அதன் வரலாறும் சுவையானது. 1850களில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் சாம்பல் நோய் பரவியபோது, 1852இல் வெர்சாய் தோட்டத்துக்காரர் கிரிசோன் என்பவர் சுண்ணாம்பையும் கந்தகத்தையும் தண்ணீரில் கொதிக்க வைத்துத் தெளித்தார். ஆட்டுச் சொறிக்கும் இதே கலவையில் ஆடுகளை முக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தச் சொறியும் ஒரு சிலந்திப்பேன் செய்கிற வேலைதான். 1880களில் கலிபோர்னியாவில் அந்த ஆட்டு மருந்தையே பழமரத்துச் செதில்பூச்சிக்கு அடித்துப் பார்த்தார்கள், பலித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்துப் பேரி, ஆப்பிள் தோட்டங்களில் இலைச்சிலந்தி பெருகியபோதும் கந்தகச் சுண்ணாம்புக் கலவை கைகொடுத்தது. ஆனால் இலை உதிர்ந்த பிறகோ, மொட்டு விரியும் முன்போ அடித்தால்தான் பலன்.

தங்கை மகனுக்கும் அதையே சொன்னேன். இப்போது அடிக்காதே, கொப்புளம் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்து, அறுவடை முடிந்து குளிர் தொடங்கும்போது கந்தகம் அடி. சில பேரி வகைகளுக்குக் கந்தகம் ஆகாது என்பதால், உன் மரம் என்ன வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள் என்றேன்.

இனி நம் தென்னைக்கு வருவோம். தென்னைச் சிலந்திக்குப் பெயர் வைத்தவர், கலிபோர்னிய வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த கைஃபர் என்ற நிபுணர். 1965இல், மெக்சிகோவின் கெரேரோ மாநிலத்திலிருந்து வந்த காய்களில் கண்டு, அந்த மாநிலத்தின் பெயரையே சூட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசிலிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் தென்பட்டது. தென்னையின் தாயகம் நம் பக்கத்துக் கடல்கள். பூச்சியோ அங்கே அமெரிக்காவில் இருந்தது. அங்குள்ள வேறு ஏதோ பனை இனத்திலிருந்து அது தென்னைக்குத் தாவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1997 கடைசியில் இலங்கையின் கற்பிட்டியிலும், 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் காணப்பட்டது. அப்புறம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற நம் ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும்? இந்தப் பூச்சிக்கு இறக்கை கிடையாது, காற்றுதான் வாகனம்.

இங்கே குளிர்காலமும் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. மரம் மாதம் ஒரு பாளை விடுகிறது. எனவே சிலந்திக்கு எந்நாளும் புதுக் குரும்பை, எந்நாளும் புது வீடு. முதலில் மோனோகுரோட்டோபாஸ் மருந்தை வேர் வழியாகக் கட்டினார்கள். பென்சில் பருமன் உள்ள உயிர்வேரைச் சாய்வாகச் சீவி, மருந்துள்ள பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டுவது முறை. கட்டிய பிறகு 45 நாள் காய் இறக்கக் கூடாது. அந்த 45 நாளைத் தாங்க முடியாதவர்களும் இருந்தார்கள், அது என்ன மாதிரி விஷம் என்று அறியாதவர்களும் இருந்தார்கள். பிறகு வேம்புச் சத்து மருந்து வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு, 5 கிராம் சோப்பு கலந்து இளங்குலைகளில் படும்படி அடிக்கவும் சொன்னார்கள்.

அத்தை வேர் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைகள் இளநீர் குடிக்கிற மரம் என்பது அவர் கட்சி. மரமேறியைப் பிடித்துப் பூண்டுக் கரைசல் அடித்தார். பல்கலைக்கழகத்தார் சொன்ன சத்து முறையையும் கடைப்பிடித்தார். ஆண்டுக்கு மரத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோ. கொட்டிய குரும்பைகளைப் பொறுக்கி எரித்தார். சிலந்தி முற்றாகப் போகவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் சந்தைக்கு எடுக்கிற மாதிரிக் காய் பாதிக்குமேல் திரும்பி வந்தது. அதே காலத்தில் மரத்தையே வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பியவர்களையும் பார்த்தேன்.

இன்றும் தேங்காய் வாங்கும்போது தொப்பியடியில் பழுப்புத் தழும்பு கண்ணில் படுகிறது. கூடவே இருக்கப் பழகிவிட்டோம். சிலந்தியைத் தின்கிற வேறு சிலந்திகளும், அதைத் தாக்குகிற ஒரு பூஞ்சாளமும் நம் தோப்புகளிலேயே இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். கண்ட மருந்தையும் அடிக்காமல் இருந்தால் அவை பிழைத்துத் தம் வேலையைச் செய்யும். அத்தை இப்போது இல்லை. அவர் ஆறு மரத்தில் ஐந்து இன்னும் காய்க்கின்றன.