ராமானுஜம் என்று ஒருவர்

கணித மேதை ராமானுஜன் என்றால் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர் என்பதால் கொங்கு நாட்டாருக்கு அவரிடம் கொஞ்சம் தனி உரிமையே உண்டு. கும்பகோணத்துப் பள்ளி, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம், கேம்பிரிட்ஜ், 32 வயதில் மரணம் என்று அவர் கதை பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரின் கடைசி எழுத்தை மாற்றி, ராமானுஜம் என்று எழுதிப் பாருங்கள். அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். பிழை அல்ல. அப்படியும் ஒருவர் இருந்தார். அவரும் தமிழர்தாம்; அவரும் கணித மேதைதாம்; அவரும் அற்பாயுளில் போனவர்தாம்.

சி. பி. ராமானுஜம் 1938 ஜனவரி 9-ந் தேதி சென்னையில் பிறந்தார். லயோலா கல்லூரியில் படித்தார். அங்கே அப்பொழுது ராஸீன் பாதிரியார் என்ற பிரெஞ்சுக்காரர் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். பாடத் திட்டத்தை முடித்துப் பரீட்சைக்குத் தயார் செய்வதோடு நின்றுவிடும் ஆசிரியர் அல்லர் அவர். பாரிஸில் புதிதாக என்ன நடக்கிறது என்பதை நம் பையன்களுக்கு எடுத்துச் சொல்லி, ஆராய்ச்சிக்குத் தூண்டி அனுப்பியவர். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் என்று பின்னால் உலகம் போற்றிய பெயர்கள் அவரிடம் பயின்றவர்களுடையவை. ராமானுஜமும் 1957-ல் அந்த வழியிலேயே பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அப்பொழுது வயது 19.

அவர் அங்கே செய்தது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கதை படிக்கிறவர்களிடம் கணக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறானே என்று கோபிக்க வேண்டாம். ஆர்.எஸ்.புரத்தில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரத்துக்கு மூலை பிடிக்கும் கொத்தனார் கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி என்று அளந்து முக்கோணமாக இழுத்துக் கட்டுகிறார். மூலை செங்கோணமாக நிற்கிறது. மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம். கயிறு வடிவத்தைச் சேர்ந்தது. 3, 4, 5 என்பவை எண்கள். ஒரு வடிவத்தின்மேல் இப்படி முழு எண்களோ பின்னங்களோ எங்கெங்கே வந்து உட்காருகின்றன என்று ஆராயும் சாஸ்திரம் ஒன்று இருக்கிறது. எண்ணியலும் வடிவியலும் கைகோத்த சாஸ்திரம் அது. கேள்வி எளிது, பதில் மாத்திரம் நூற்றாண்டுகளைத் தின்றுவிடும். வர்க்கத்துக்குப் பதிலாகக் கனத்தை வைத்து அதே கணக்கைப் போட்டால், எந்த மூன்று முழு எண்களும் கிடைக்கமாட்டா. எல்லாப் படிகளுக்கும் அப்படித்தான் என்று 1637-ல் பெர்மா எழுதிவைத்ததை நிரூபிக்க 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ராமானுஜம் முதலில் கையிலெடுத்தது ஜெர்மானியர் ஸீகலின் வேலையை. கார்ல் லூட்விக் ஸீகல் அந்நாளில் எண்ணியலின் சிகரங்களில் ஒருவர். டாட்டா நிலையத்துக்கு வந்து உபந்நியாசம் செய்தவர். அவருடைய முறையைச் சுருக்கி எளிதாக்கிய ராமானுஜம் ஒரு முடிவை நாட்டினார். எல்லா உறுப்புகளும் மூன்றாம் படியிலுள்ள ஒரு கோவையில் 54 மாறிகள் இருந்தால் போதும். சாதாரணப் பின்னங்களுக்கு அப்பால் கணிதர்கள் விரித்து வைத்திருக்கும் எண் குடும்பங்களில் எதை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கோவையைப் பூஜ்யமாக்கும் விடை அதில் உண்டு என்பதே அது. எல்லா மாறிகளும் பூஜ்யம் என்று சுலபமாகத் தப்பித்துக்கொள்வது சேர்த்தியில்லை. பின்னால் அவர் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிய நூலைப் பரிசோதித்தவர்களில் ஸீகலும் ஒருவர், மிகவும் வியந்தார்.

இதற்காக நிலையத்தார் பதவி உயர்வு கொடுத்தார்கள். நம்மில் பதவி உயர்வு வரவில்லை என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். ராமானுஜம், தமக்கு அந்தத் தகுதி இல்லை, வேண்டாம் என்று சண்டை போட்டார்! சமாதானம் சொல்லி ஏற்கச் செய்வதற்குள் நண்பர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

அவருடைய வாழ்க்கையில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. ரஷ்யரான ஷாபரேவிச்சும் அமெரிக்கரான மம்போர்டும் டாட்டா நிலையத்துக்கு வந்து சொற்பொழிவாற்றினார்கள். அவற்றைக் குறிப்பெடுத்து எழுதும் வேலை ராமானுஜத்துடையது. எழுதித் தருவது குமாஸ்தா வேலை என்று தோன்றும். அவர் செய்ததோ வேறு. தவறு இருந்த இடத்தில் திருத்தினார். நிரூபணம் அரைகுறையாக நின்ற இடத்தில் நிறைவு செய்தார். ஷாபரேவிச் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். மம்போர்டோ, 1970-ல் வெளிவந்த தம் புத்தகத்தின் முன்னுரையில், அது இருவரும் கூடிச் செய்த முயற்சி என்றே சொல்லிவிட்டார்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு நூற்பு ஆலை புதிதல்ல. அறுந்துபோகும் இழையைக் கண நேரத்தில் கண்டு சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் அங்கே உண்டு. நூலின்மேல் ஆலையின் முத்திரைதான் இருக்கும். இழை சேர்த்தவர் பெயர் இராது. ஆனால் அந்தக் கை இல்லாவிட்டால் நூல் ஏது?

பிறர் நூலைச் சேர்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. துளையே இல்லாமல், ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடக்கூடிய பரப்பு எல்லாம் சாதாரணத் தளம்தானா என்று ஒரு கேள்வி. 1971-ல் அவர் பதில் சொன்னார்: இல்லை. அப்படிப்பட்ட ஒரு பரப்பைப் படைத்தே காட்டினார். ராமானுஜம் பரப்பு என்று அதற்குப் பெயர். எட்டாத தொலைவில் அந்தப் பரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால்தான் அசல் தளமா என்று சொல்ல முடியும் என்றும் நிறுவினார். மம்போர்டின் புத்தகத்துக்கு அவர் எழுதிய அநுபந்தம் டேட் என்பவரின் தேற்றத்தைப் பற்றியது. அதே மாதிரியான ஒரு தேற்றத்தை வேறோர் எண் உலகத்தில் நிரூபித்து, கெர்ட் பால்டிங்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் 1983-ல் உலகத்தைத் திடுக்கிட வைத்தார். அதைப் பார்க்க ராமானுஜம் இல்லை.

1964-லேயே அவருக்கு மனநோய் கண்டிருந்தது. ஸ்கிஸோபிரீனியா என்றார்கள் வைத்தியர்கள். கூடவே கடுமையான மனச்சோர்வு. பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்தார். சண்டிகரில் வேலை ஏற்று எட்டு மாதத்தில் திரும்பினார். பாரிஸுக்குப் போய் இடையிலேயே வந்தார். நோய் விட்ட வேளைகளிலெல்லாம் வேலை செய்தார். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அந்த இடைவெளிகளில் முளைத்ததுதான். 1970-71-ல் இங்கிலாந்தில் வார்விக் சர்வகலாசாலையில் இருந்தார். திரும்பிய பின் பெங்களூரில் தங்கினார். 1974 அக்டோபர் 27-ந் தேதி தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 36.

மேதை என்றால் கொஞ்சம் பித்தும் இருக்கத்தான் செய்யும் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கதை எழுதுகிறவர்களும் இந்தப் பேச்சை வளர்த்திருக்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ராமானுஜத்தின் வாழ்க்கை அதற்கு நேர்விரோதமான சாட்சி. அவர் கணிதத்தைக் கொடுத்தது நோய் அல்ல. நோய் அதை அவரிடமிருந்து பறித்தது. காசநோய்க்காரரைப் பார்த்து, இருமல்தான் இவருடைய சங்கீதம் என்று எவரும் சொல்வதில்லையே! மனத்துக்கு வரும் நோயையும் நோய் என்றே நினைத்து, வைத்தியரிடம் போகிறவரை வீட்டார் கூசாமல் அழைத்துப்போக வேண்டும்.

இத்தாலியில் ஜெனோவா சர்வகலாசாலையின் கணிதக் கூடம் ஒன்றுக்கு ராமானுஜத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். தகுதிக்கு மிஞ்சியது என்று அதற்கும் அவர் மறுப்புக் கடிதம் எழுதியிருப்பார். நல்ல வேளையாக, தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு எப்போதும் நம்மிடமே விடப்படுவதில்லை.