கல்லும் ஏடும்: கோணேசர் ஆலயம் மீட்கப்பட்டவாறு

ஆவணம் ஒன்று அழியுமிடத்து அதனை மீட்டற்குரிய படி, அவ்வழிவு எட்டாத வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். இக்காலக் கணினியின் இயங்குதளங்கள் காப்புப்படி எடுக்கும் வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. ஆயினும் மூலமும் படியும் ஒரே வட்டிற் கிடப்பின், வட்டுப் பழுதுறும்போது இரண்டும் ஒருங்கே அழியும். திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தின் வரலாறு இந்நோக்கில் ஆராயத்தக்கது.

திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற இவ்வாலயத்தைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்சன்தீனு த சா இடித்தான். 1622ஆம் ஆண்டிலென்பது மரபு. 1624 என்பாரும் உளர். கோயிற் கற்கள் கோட்டை மதிலாயின. அதுவே இன்றைய பிரெட்ரிக் கோட்டை. கட்டடத்தோடு, கல்லிற் பொறித்தனவும் சிதறின. திருமேனிகள் சில மண்ணிற் புதைக்கப்பட்டமையாற் பிழைத்தன. 1950இற் கிணறு தோண்டியோர் அவற்றைக் கண்டெடுத்தனர். புதைத்தவர் பெயரோ, புதைத்த இடத்தைக் குறித்த ஓலையோ கிடைத்திலது. தற்செயலாற் கிட்டிய இம்மீட்சியைத் திட்டமிட்ட பாதுகாப்பெனக் கொள்ளுதல் பொருந்தாது.

கோயிலின் நடைமுறையைப் பேணியது கவிராசவரோதயனின் 'கோணேசர் கல்வெட்டு' ஆகும். பெயர் கல்வெட்டாயினும் நூல் ஏட்டில் வழங்கியது. செய்யுளும் உரைநடையும் விரவியது. தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் இன்னின்ன தொழும்பு செய்தல் வேண்டுமென்பதை அது வகுத்துரைக்கின்றது. கல் ஓரிடத்தே நிற்பது. ஏடோ படியெடுக்குந்தோறும் வேறு வேறு மனைகளிற் பரவுவது. ஆலயம் வீழ்ந்த பின்னரும் அதன் ஒழுங்கு மறவாதிருந்தமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

எனினும், படியை மூலமாகவே கொள்ளுதலில் இடர் உண்டு. கோட்டை வாயிலிற் கயற் சின்னத்தோடு ஒரு கல் உளது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்னும் செய்யுள் அதிற் பொறிக்கப்பட்டதென்பர். சிதைந்த எழுத்துக்களை மக்கள் வாய்வழி வழங்கும் செய்யுளைக் கொண்டே நிரப்பி வாசிப்பது வழக்கம். அவ்வாறு நிரப்பிய பின், அச்செய்யுளின் பழமைக்கு அக்கல்லையே சான்று காட்டுதல் ஏற்புடைத்தன்று. நிரப்பிய பகுதி எது, கல்லிற் கண்டது எது என்பதைப் பதிப்பாசிரியர் வேறு பிரித்துக் காட்டல் வேண்டும்.

1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலையடிக் கடலுள் மூழ்கிக் கோயிற் றூண்கள் கிடப்பதைக் கண்டனர். புதிய ஆலயத்தின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது.