கல்லமேட்டில் கரைந்த எலும்பு

டைனோசர் வரையறது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். வரைஞ்சதெல்லாம் அமெரிக்க டைனோசர்தான். தாம்பரத்தில் ரயிலேறினால் விருத்தாசலம் தாண்டி வருகிற அரியலூர்ப் பக்கமே ஒன்று கிடைத்திருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இடம் கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987ல் அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்புள்ள பல்லின்னு அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர்! முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு மற்றவர்கள் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றினார்கள். தரையில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சரி, போய்ப் பார்க்கலாமென்றால் எலும்பே இல்லை. நொறுங்கிப் போய்விட்டது. மிஞ்சியது சில கோட்டுப் படங்கள்தான். அதை வைத்து, 'எலும்பா, கல்மரமா?' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். தோண்டிய காலத்துப் புகைப்படங்கள் 2022ல் வெளியான பிறகுதான் எலும்பின் பக்கம் வலுத்தது.

கல்லாய்ச் சமைந்து ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல் தாங்கியது, வெளியே வந்து சில வருஷம் தாங்கவில்லை. ஒரு போட்டோதான் அதைக் காப்பாத்தியிருக்கு. அரியலூர்ப் பக்கம் போய் எதையாவது பார்த்தீங்கன்னா, கையை வைக்காதீங்க; பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்க.