வெள்ளிப் பாலாடையும் குழந்தைக் கரண்டியும்

ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை அறிவதற்குச் செப்பேடுகளும் ஓலைச் சுவடிகளும் மாத்திரமே ஆதாரமாகும் என்று எண்ணுதல் தகாது. நம் முன்னோர் நாடோறும் எடுத்தாண்ட பண்டங்களும் சரித்திரம் கூறும். அவற்றுள்ளும், ஒரு சிசுவின் வாயில் பாலையும் அன்னத்தையும் முதன்முதல் இட்ட சிறு வெள்ளிக் கருவிகள், அளவிற் சிறியனவாயினும் கூறும் செய்தியிற் பெரியனவாம். மேனாட்டில் இத்தகைய பழைய வெள்ளிக் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் தேடிச் சேகரித்து, அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து மகிழ்வோர் பலர் உளர். நம்மிடையேயோ, இவை பெட்டியின் அடியிற் கிடந்து, ஒருநாள் உருக்குக் குகைக்குச் செல்கின்றன. கோபாலபுரத்திலும் அதனைச் சூழ்ந்த மயிலாப்பூர், இராயப்பேட்டை முதலிய இடங்களிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பத்தினர் இவ்விஷயத்தைச் சற்றே சிந்தித்தல் வேண்டும் என்னும் கருத்தினால் இதனை எழுதப் புகுந்தோம்.

நம் நாட்டில் பிள்ளைப்பேறு நிகழ்ந்த வீட்டிற்குத் தாய்மாமன் சீராக வருவனவற்றுள் வெள்ளிப் பாலாடை முக்கியமானது. இதனைச் சிலர் சங்கு என்றும் வழங்குவர். ஒரு பக்கம் குவிந்து நீண்ட மூக்கும், உள்ளங்கையில் அடங்கும் வயிறும் உடைய இச்சிறு பாத்திரத்தினால், பாலைத் துளித்துளியாகக் குழந்தையின் கடைவாயில் விடலாம். இதனோடு கிண்ணமும், சோறூட்டும் சடங்கிற்கென்று சிறு கரண்டியும் சேர்த்து அளிப்பதுண்டு. இது பாட்டிமார் காலத்துப் பழக்கம் என்று இகழ்வார் ஒன்றை அறிதல் நலம். உலக சுகாதார ஸ்தாபனம் 2011ஆம் ஆண்டில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் உணவைப்பற்றி வெளியிட்ட விதிகளில், தாயின் மார்பில் நேரே பாலருந்த இயலாத சிசுக்களுக்குக் கிண்ணம், பாலாடை, கரண்டி இவற்றுள் ஒன்றினால் பால் புகட்டுக என்று கூறி, பாலாடை என்னும் நம் சொல்லையே எடுத்தாண்டிருக்கின்றது. முதல் 6 மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் ஈதல் கூடாது என்பது இக்கால வைத்தியர் துணிபு. ஆயினும், தாய்ப்பாலையே கறந்து ஊட்ட நேரும்போது இப்பழங்கருவி இன்றும் பயன்படுகின்றது.

இங்கிலாந்திலும் இதற்கு ஒத்ததொரு கருவி இருந்தமை வியக்கத்தக்கது. ரொட்டியைப் பாலிலோ நீரிலோ ஊறவைத்துக் கூழாக்கிக் குழந்தைகட்கு ஊட்டுதற்கு, 18ஆம் நூற்றாண்டில் ஆங்காங்கு வெள்ளியினால் ஓடம்போன்ற மூக்குப் பாத்திரம் செய்தனர். அதனைப் 'பாப் போட்' என்பர். பாலாடையை அதனருகில் வைத்தால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளோ என்று ஐயுறத் தோன்றும். அதற்கு முன்னரே, 16, 17ஆம் நூற்றாண்டுகளில், ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கு ஞானப்பெற்றோர் வெள்ளிக் கரண்டி அளிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. காம்பின் நுனியில் ஏசுநாதரின் சீடர் ஒருவரின் உருவம் அமைந்தமையால் அவை அப்போஸ்தலர் கரண்டிகள் எனப்பட்டன. பன்னிரு சீடரும் அவர்தம் நாதரும் சேர்ந்து 13 கரண்டிகள் முழு வரிசையாகும். விக்டோரியா மகாராணியாரின் காலத்தில் கத்தி, முட்கரண்டி, கரண்டி மூன்றையும் ஒரு சிறு பேழையிலிட்டுக் குழந்தைக்குப் பரிசளித்தல் பெருவழக்காயிற்று. கையால் உண்ணும் நம்மவர்க்கு முட்கரண்டியால் ஆவது யாதொன்றுமில்லை. அத்தகைய பேழை நம் வீடுகளுக்குப் பரிசாக வந்தாலும், கரண்டி மாத்திரம் தேய, முட்கரண்டி புத்தம் புதிதாய் உறங்குவதே இயல்பு.

நிற்க. சென்னையே வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்ற நகரம் என்பதை நம்மிற் பலர் மறந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீட்டர் ஓர் என்னும் கடிகார வல்லுநர் நிறுவிய பி. ஓர் அண்ட் ஸன்ஸ் கம்பெனியார், மவுண்ட் ரோட்டில், அதாவது இக்காலத்து அண்ணா சாலையில், சிற்பி சிஷோம் துரை வகுத்த மாளிகையில் வியாபாரம் நடத்தினர். அவர்கள் பேரால் வெளிவந்த வெள்ளிச் சாமான்களில் நம் தெய்வத் திருவுருவங்கள் புடைத்து நிற்கும். வெள்ளைக்காரர் அதனைச் 'சுவாமி' வேலை என்றே அழைத்தனர். தகட்டை அரக்கின்மேற் பதித்து, பின்புறமிருந்து சிற்றுளியால் தட்டி உருவத்தை எழுப்பி, பின்னர் முன்புறத்தில் நுணுக்க வேலை செய்தல் இதன் முறை. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். அவ்விஜயத்தின்போது அவர் பெற்ற இந்தியப் பரிசுகள் 1878ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பெற்றபின், இந்திய வெள்ளி வேலையின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவலாயிற்று. சுவாமி வேலையிற் கரண்டிகளும் உண்டு. அவற்றின் காம்பு நுனியில் தெய்வ வடிவம் விளங்கும். சீமையிலே சீடர் நின்ற இடத்தில் இங்கே சுவாமி நின்றார். கம்பெனியின் பெயர் பொருளில் நிலைத்தது. உளி பிடித்த தமிழ்ப் பத்தரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் பதியவில்லை. அவர்தம் கைத்திறனுக்கு அப்பொருளேயன்றி வேறு சாட்சியில்லை.

இனி, ஒரு பொருளை எவ்வாறு அறிவது என்பதைக் கூறுவோம். ஸ்டெர்லிங் என்பது 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும், எஞ்சியது பெரும்பாலும் செம்பும் ஆகிய கலவை. தனி வெள்ளி மிக மென்மையாதலின், உறுதிக்காகச் செம்பு சேர்ப்பர். இங்கிலாந்தில் சோதனைச் சாலையார் உரைத்துப் பார்த்த பின்னரே முத்திரை இடுவர். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் தரத்தைக் காட்டும். சிறுத்தைத் தலை லண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். ஷெபீல்டு நகரத்துப் பழம்பொருள்களில் கிரீடம் இருக்கும். ஓர் எழுத்து வருஷத்தையும், வேறு எழுத்துகள் செய்தவரையும் உணர்த்தும். அரசரின் தலையுருவமும் உடன் இருப்பின், அது 1784 முதல் 1890 வரை வசூலித்த வெள்ளி வரி செலுத்தியதன் அடையாளமாம்.

சென்னைப் பொருள்களுக்கோ அத்தகைய சோதனைச் சாலை இருந்ததில்லை. கம்பெனியின் பெயரே அத்தாட்சி. ஆதலின், பழைய சென்னைக் கரண்டியைக் கண்டவுடன் ஸ்டெர்லிங் என்று சாதித்தல் கூடாது. நம் பத்தர்கள் பலகாலும் ரூபாய் நாணயங்களையே உருக்கிப் பாத்திரமும் நகையும் செய்தனர். 1835ஆம் ஆண்டு முதல் வழங்கிய ரூபாய் ஒரு தோலா நிறையுடையது. 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. இது ஸ்டெர்லிங்கிற்கு மிகச் சிறிதே தாழ்ந்தது. 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. பின்னும், ஈ.பி.என்.எஸ். என்னும் எழுத்துடையது வெள்ளி முலாமேயன்றி வெள்ளியன்று. ஜெர்மன் சில்வர் என்பதிலோ வெள்ளியே இல்லை. வாங்குவோர் இவற்றைக் கருதி ஏமாறாதிருப்பாராக.

இத்துணையும் கூறியது யாது கருதியெனின், இப்பொருள்கள் நம் கண்முன்னரே அழிகின்றன என்பதனாலேயாம். 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவுன்சு 6 டாலர் அளவில் நின்ற வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டாலரை எட்டியபோது, மேனாட்டில் எண்ணற்ற பழம்பொருள்கள் உருகி ஒழிந்தன. 2025 அக்டோபரில் விலை மீண்டும் அந்த எல்லையைக் கடந்தது. நம் கோபாலபுரத்திலோ தோட்டமும் தாழ்வாரமும் உடைய பழைய வீடுகள் பல மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. இடம் சுருங்கவே, பழஞ்சாமான்களைக் குறைக்கின்றனர். கலியாணம் வந்தால், தியாகராய நகர்க் கடைக்குச் சென்று, பழைய வெள்ளியை எடைக்குக் கொடுத்துப் புதியதை வாங்குகின்றனர். அவசரத்திற்குப் பொருளை விற்றலை நாம் குறை கூறோம். அதற்காகவும் அன்றோ முன்னோர் வெள்ளி சேர்த்தனர்! ஆனால், சில கிராம் எடையுள்ள ஒரு பாலாடையை உருக்குவதனால் வரும் பணம் அற்பம். அதன் அடியில் வெட்டியிருந்த கொள்ளுப்பாட்டியின் பெயரோ மீண்டும் வாராது.

ஆகவே, அங்கத்தினர்கள் செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிப்போம். முதலாவது, வீட்டிலுள்ள குழந்தை வெள்ளிகளை எடுத்து, நிறை, முத்திரை, வெட்டிய பெயர் முதலியவற்றை ஒரு புத்தகத்திற் குறித்துக்கொள்க. அவை யாருக்கு, யாரால், எந்தச் சடங்கில் வந்தன என்பதை முதியோர் உள்ளபொழுதே கேட்டு எழுதுக. இரண்டாவது, விபூதியோ வேறு பொடியோ இட்டு அழுந்தத் தேய்த்தலை விடுக. அதனால் முத்திரையும் பெயரும் தேயும். வெள்ளி கறுத்தற்குக் கந்தகமே காரணமாதலின், ரப்பர் வளையத்தால் கட்டாமல் தூய பருத்தித் துணியிற் சுற்றி வைக்க. மூன்றாவது, விற்கவே நேரின், பெயர் வெட்டிய ஒன்றையேனும் நிறுத்திக்கொள்க. நான்காவது, 1972ஆம் வருஷத்துத் தொல்பொருட் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனி மனிதர் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் குற்றமாதலின், அயல்நாட்டிலுள்ள மக்களுக்கு அனுப்ப விரும்புவோர் முன்னரே விசாரித்து அறிவாராக.

சேகரித்தல் செல்வர்க்கே உரியது என்பாரும் உளர். நம் வீட்டுப் பொருளை நாமே அறிந்து காத்தற்குச் செல்வம் வேண்டா, சிரத்தையே வேண்டும். எந்தக் குழந்தைக்காக ஒரு தாய்மாமன் தன் சம்பாத்தியத்திற் சிறிது மிச்சப்படுத்தி அப்பாலாடையைச் செய்வித்தானோ, அக்குழந்தையின் பேரன் பேத்தியரே இன்று இதனைப் படிக்கின்றனர். அவர்தம் மக்களும் அதனைக் கையிலேந்திப் பெயரைப் படிக்கும் பாக்கியம் பெறுவாராக.